மூடுபனிக்குள் அவள் குரல்

எங்கே போகிறோம் என்று இருவருக்குமே தெரியாது. அதிசயமாக இரண்டு பேருக்கும் ஒரே சனிக்கிழமை விடுமுறை கிடைத்ததே போதும் என்று கிளம்பிவிட்டார்கள். அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். பிழைக்க வந்த தேசத்தில் மொழி சரியாக வராமல் வாரம் முழுக்க வாயைக் கட்டிப்போட்டிருந்தவள், கார் கிளம்பியதிலிருந்து மூச்சுவிடாமல் பேசினாள்.

"உன் வாய இன்ஜின்ல மாட்டினா பெட்ரோலே வேணாம்டி," என்றான் கணவன்.

வழியில் ஓர் ஏரி தெரிந்ததும் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினான்.

ஆளரவமே இல்லை. கூரை சரிந்த படகுக் கொட்டகை. அங்கிருந்து தண்ணீருக்குள் நீண்டு செல்லும் பலகைப் பாலம். ஊறிப்போன மரத்தின் வாடை. பட்டப்பகல்தான், ஆனால் ஏரியின் நடுவிலிருந்து மூடுபனி கரையை நோக்கி மெல்ல ஊர்ந்து வந்தது.

குளிருக்கு அவள் இறங்கவில்லை. போட்டோ எடுக்கப் பாலத்தில் போனவனின் முழங்காலை முதலில் மறைத்தது பனி. பிறகு ஆளையே மறைத்தது.

கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டாள்: "ஏங்க, பாத்துப் போங்க, வழுக்கும்."

"ஏங்க, பாத்துப் போங்க, வழுக்கும்," என்றது ஏரி.

"எதிரொலி கேட்டியா?" அவன் சிரிப்பது கேட்டது.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. போதும், திரும்பி வாங்க."

"திரும்பி வாங்க," என்றது அந்தக் குரல். சற்றுப் பொறுத்து, "இங்க வாங்க," என்றது.

அவள் அதைச் சொல்லவில்லை.

"இதோ வந்துட்டேன்," என்றான் அவன். பலகைகள் கிறீச்சிட்டன. சத்தம் கரையை நோக்கி வரவில்லை.

"ஏங்க, அது நான் இல்ல! நான் கார்ல இருக்கேன்!"

"நான் கார்ல இருக்கேன்," என்று தண்ணீர்ப் பக்கமிருந்து அவளே பதறினாள்.

காலடி நின்றது. "விளையாடாத. எந்தப் பக்கம் இருக்க?" என்று கத்தினான்.

ஹாரனை அழுத்தினாள். ஏரிக்குள்ளிருந்தும் ஒரு ஹாரன் அலறியது.

வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னால் நம்புவான் என்று தோன்றியது. "நமக்குப் பொறக்காமலே போன பிள்ளைக்காக, பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டு அழுதீங்களே! அது எனக்கு மட்டும்தாங்க தெரியும்!"

அந்தக் குரல் ஒரு சொல் பிசகாமல் அதையும் சொன்னது. அவளைவிட நன்றாக அழுதது.

பேசினால் அது கற்றுக்கொள்கிறது. பேசாவிட்டால் அது மட்டும்தான் அவனைக் கூப்பிடும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாங்க... இங்கதான் இருக்கேன்."

"வர்றேண்டி. அழாத."

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பாலத்தில் இரண்டு முறை விழுந்து எழுந்தாள். கடைசிப் பலகை உடைந்திருந்தது; அதற்கப்பால் கருத்த தண்ணீர்தான் இருந்தது.

அதற்கும் அப்பால், மரப்பலகையில் அவன் நடந்துபோகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எப்படிச் சாலைக்கு ஓடினாள், எப்படி ஒரு லாரியை மறித்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. போலீஸ் வந்தது. அவள் ஏரியைக் கைகாட்ட, முக்குளிப்பவர்கள் இறங்கி வெறுங்கையோடு ஏறினார்கள். பனி முழுதும் விலகி, ஏரி வெயிலில் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. யார் என்ன கேட்டாலும் அவள் உதட்டைப் பிரிக்கவில்லை. ஒரு சொல்கூட இனி அதன் காதில் விழக்கூடாது.

அதிகாரி அவள் தோளில் கம்பளியைப் போர்த்திவிட்டு, வாக்கிடாக்கியைத் திருகியபடியே அந்த நாட்டு மொழியில் கேட்டார்:

"மொத்தம் எத்தனை பேர் வந்தீர்கள், அம்மா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மூன்று பேர்."

அதே மொழியில், அவளுக்கு என்றுமே வராத சரளத்தோடு, அவள் முதுகுக்குப் பின்னால் மிக அருகிலிருந்து அவள் குரல் சொன்னது.

அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, "மூன்று பேர்," என்று வாக்கிடாக்கியில் சொன்னார்.