மேடு இல்லாத கோடு

ராசம்மா செத்துக் கிடந்தாள்.

பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். ராசம்மா ஒரு கூகை. வெள்ளை முகமும் தவிட்டு நிறச் சிறகும் கொண்ட ஆந்தை. மலேசியாவில், ஜொகூரின் சாஆ வட்டாரத்தில், எண்ணெய்க்காக உலகப்பன் வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில், கம்பத்தின் உச்சியில் இருந்த மரப்பெட்டிதான் அவள் வீடு. பெயர் வைத்தவர் தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் கனகராஜ். அவர் ஏணியிலிருந்து இறங்கி, ராசம்மாவையும் அவளோடு செத்துப்போன குஞ்சுகளையும் துண்டில் ஏந்தி நீட்டியபோது காலை ஏழு மணி. ஏணியின் அடியைப் பிடித்திருந்த சந்திரமதி துண்டை வாங்கித் தரையில் வைத்தாள்.

"பக்கத்துப் பெட்டி புஷ்பவள்ளி நேத்தே செத்து புல்லுல கெடந்துச்சு, டாக்டர். மத்த பெட்டியெல்லாம் கோசோங் லா, காலி. ஒரு ஜோடிகூட மிஞ்சல," என்றார் கனகராஜ். மனிதர் அழுதே விட்டார்.

சந்திரமதி குனிந்து பார்த்தாள். உடம்பில் காயம் எதுவும் இல்லை. அலகோரம் மட்டும் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது.

அவள் ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்துகிறவள். உயிர்கள் பெருகுவதையும் தேய்வதையும் சமன்பாட்டில் எழுதிப் பார்ப்பது அவள் வேலை. எலி பெருகினால் கூகை பெருகும். கூகை பெருகினால் எலி தேயும். இதைக் கணக்காகக் காட்டித்தான் சென்ற ஆண்டு உலகப்பனை மடக்கியிருந்தாள். எலிப் பாஷாணத்தை நிறுத்துங்கள், பெட்டி வையுங்கள், மிச்சத்தைக் கூகை பார்த்துக்கொள்ளும் என்றாள். செட்டியார் வீட்டுப் பிள்ளை, சும்மா தலையாட்டுவாரா? "சமன்பாடெல்லாம் எனக்கு வேணாம் டாக்டர். ஒரு கோடு போட்டுக் காட்டுங்க. புள்ளி அதுல எறங்கினா பெட்டி இருக்கும். எறங்கலன்னா கழட்டிருவேன்," என்றார்.

அந்தக் கோடு ஆபீஸ் வெள்ளைப் பலகையில் இன்னும் இருந்தது. மாதாமாதம் எலி கடித்த பழக்குலைகளை எண்ணி வைத்த சிவப்புப் புள்ளிகளும் இருந்தன. முதல் நான்கு மாதம் புள்ளிகள் மேலேயே நின்று பயமுறுத்தின. பிறகு சமர்த்தாக இறங்கி, கோட்டின் மேலேயே வரிசையாக உட்கார்ந்துவிட்டன. சந்திரமதி அதைப் படம் பிடித்து ஒரு கருத்தரங்கில்கூடக் காட்டிப் பெருமைப்பட்டிருந்தாள்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் உலகப்பன். "கம்பத்துல தகரம் சுத்தியிருக்கு, பாம்புகூட ஏற முடியாது. ஏணி ஸ்டோர்ல பூட்டிக் கெடக்கு. சாவி எங்கிட்ட. போன வாரம் அத வாங்கிட்டுப் போனது குணாளன் ஒருத்தன்தான். பெட்டி வந்ததுனால எலி மருந்து வைக்கிற காண்ட்ராக்ட் போச்சுன்னு அவனுக்கு வயித்தெரிச்சல். ஏறி, வெஷம் தடவின எறச்சிய போட்டிருக்கான். மத்தியானம் போலீஸ் ரிப்போட் போடறேன். லைசென்ஸ் போனாத்தான் புத்தி வரும்."

"மத்தியானம் வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க," என்றாள் சந்திரமதி.

குணாளன் கேட் பக்கத்துக் கொட்டகையில் உட்கார வைக்கப்பட்டிருந்தான். நாற்பது வயது. மாசாய் டவுனில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். முகம் வெளுத்திருந்தது. கனகராஜ் வாசலில் நின்று அவனை முறைத்தார்.

"சாவி எதுக்கு வாங்கினீங்க?"

"என்னோட மருந்து பம்பு உள்ள கெடந்துச்சு மேடம். எடுத்தேன், சாவிய குடுத்தேன்."

"ஏணி?"

"அத ஒத்த ஆளா தூக்க முடியுமா? நீங்களே காலையில புடிச்சீங்கல்ல?"

சந்திரமதிக்குத் தோள்பட்டை இன்னும் வலித்தது. "உங்ககிட்ட என்ன மருந்து இருக்கு?"

"செவப்புக் கட்டி. பழைய சரக்கு. பிரிக்கவே இல்ல."

"கட்டியெல்லாம் ஆந்தைய ஒண்ணும் செய்யாது, டாக்டர்," என்று கனகராஜ் இடையில் புகுந்தார். "நான் வருசக்கணக்கா பாக்கறேன். செத்த எலிய அது தொடாது. உயிரோட ஓடறதத்தான் புடிக்கும். இவன் ஏறித்தான் எதையோ வச்சிருக்கான்."

குணாளன் சிரித்தான். அதில் சந்தோஷம் இல்லை. "மண்டோரே, கட்டி தின்ன எலி ஒடனே சாகும்னு யாரு சொன்னா? உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு, நாலஞ்சு நாள் தள்ளாடும். பட்டப்பகல்ல வெளிய வந்து நிக்கும். கையாலயே புடிக்கலாம்."

கனகராஜ் வாசலை விட்டு இறங்கி நடந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

சந்திரமதி ராசம்மாவின் பெட்டிக்கடியில் போய் உட்கார்ந்தாள். கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிப் போடும். ஓர் உருண்டையை எடுத்துப் பிட்டாள். சாம்பல் மயிருக்கு நடுவே நீலத் துணுக்குகள். இன்னொன்றிலும் நீலம். குணாளனின் கட்டி சிவப்பு என்றால் இது வேறு யாரோ வாங்கிய சரக்கு.

அப்படியானால் ஏணியில் யாரும் ஏறவில்லை. விஷத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தது ராசம்மாவேதான். தள்ளாடும் எலி சுலபமான இரை. பிடித்துப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டியிருக்கிறாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

ஆனால் கட்டி வைத்தது யார்? அவளுக்குப் பலகை ஞாபகம் வந்தது. புள்ளிகள் இறங்கத் தொடங்கிய மாதத்தில் கூகைகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. வேட்டைக்குப் போனவை பாதிகூட இல்லை. கூகை பெருகுவதற்கு முன்பே எலி எப்படிக் குறைந்தது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததை நம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உயிருள்ளவை ஒருநாளும் கோட்டின் மேல் வரிசையாக உட்காராது. இதை வகுப்பில் ஆயிரம் முறை சொன்னவள் அவள்.

பிறகு அவள் தோட்டத்துக்குள் நடந்தாள். மொத்தத் தோட்டத்தையும் எண்ண முடியாது. அதனால் அதைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டுகளை எண்ணுவது என்று மாதந்தோறும் கணினியில் சீட்டுக் குலுக்குவாள். அடுத்த வாரம் எண்ண வேண்டிய துண்டு ஒன்றில் நுழைந்தாள். குலைகளில் கடியே இல்லை. மரத்தடியில் சருகை விலக்கினாள். நீலத் தூள். பக்கத்துத் துண்டு இந்த மாதச் சீட்டில் விழாதது. அங்கே நீலம் இல்லை, குலைகள் எல்லாம் குதறிக் கிடந்தன. இன்னும் இரண்டு இடம் பார்த்தாள். அங்கும் அதே கதை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. குற்றவாளியைக் கண்டுபிடித்தவர்களுக்கு வருகிற சந்தோஷம் அவளுக்கு வரவில்லை.

பகல் பன்னிரண்டு மணி. ஆபீசில் உலகப்பன் போனும் கையுமாக இருந்தார். குணாளன் சுவரோரம் நின்றான். எங்கோ போய்த் திரும்பியிருந்த கனகராஜ் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"குணாளன் இல்ல," என்றாள் சந்திரமதி. நீலத் துணுக்குகளை மேசையில் வைத்து, கூகைகள் செத்த விதத்தைச் சொன்னாள். "ஆத்திரத்துல கட்டி வைக்கிறவரு கண்ட எடத்துல வைப்பாரு. இது அப்படி இல்ல. எண்ணப் போற துண்டுல மட்டும் இருக்கு. எந்தத் துண்டுன்னு குணாளனுக்குத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. எண்ற அன்னிக்குக் காலையிலதான் கூட வருவேன்," என்றார் உலகப்பன்.

"ஆமா. ரெண்டு வாரம் முன்னாடியே தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு, புல்லு வெட்டி வைக்கணும்னு நான் போன்ல பட்டியல் அனுப்புற ஆளு." அவள் குரல் உடைந்தது. "கனகராஜ் அண்ணே, ஏன் அண்ணே?"

உலகப்பன் திகைத்தார். "இவரா? ஆந்தைக்குப் பேரு வச்சவரு இவரு!"

"அதான் மொதலாளி, அதனாலதான்." கனகராஜ் தொப்பியை மேசையில் வைத்தார். "கோட்டுல எறங்கலயே டாக்டர். நாலு மாசமா புள்ளி மேலயே நின்னுச்சு. பெட்டிய கழட்டிருவாங்கன்னு பயந்துட்டேன். எண்ணும்போது மொதலாளி கூடவே நிப்பாரு, பொய்யா எழுதவும் முடியாது. அதான் எண்ற எடத்துல மட்டும் கொஞ்சம் வச்சேன். செத்தத தொடாதுல்ல, அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். குணாளன் சொன்னப்புறந்தான்... போயி கட்டிய பொறுக்கிரலாம்னு பாத்தேன் டாக்டர். எல்லாம் எலி தின்னு தீத்துருச்சு." குணாளன் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிருப்பா. நெசமாவே நீதான்னு நெனச்சேன்."

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதைதான். ஆனால் அந்த மனிதரிடம் அதை யார் சொல்வது?

உலகப்பன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "குணாளா, நீ வீட்டுக்குப் போ," என்றார். குணாளன் போகிற போக்கில் கனகராஜின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனான்.

சந்திரமதி பலகையின் முன்னால் நின்றாள். அவளும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. கறுப்புப் பேனாவை எடுத்து, தன் பழைய கோட்டின் தொடக்கத்திலிருந்து இன்னொரு கோடு இழுத்தாள். அது இறங்கவில்லை. முதலில் ஏறியது. மேடாகி, இந்த மாதத்துக்கு நேராக உச்சிக்குப் போய், அதற்கப்புறம்தான் சரிந்தது.

"கணக்குல வந்த கோடு இதுதான்," என்றாள். "பாஷாணத்த நிறுத்தினா எலி மொதல்ல ஏறும். குஞ்சு வளந்து வேட்டைக்குப் போனப்புறந்தான் எறங்கும். மேட்டக் காட்டினா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன், உலகப்பன். அத மழிச்சு, நேரா ஒரு கோடு போட்டுட்டேன்."

உலகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கனகராஜ் பலகைக்குப் பக்கத்தில் வந்தார். அந்த மேட்டின் மேல் விரலை வைத்து, உச்சி வரைக்கும் மெல்ல ஏறி, அங்கேயே நிறுத்தினார்.

"இத அன்னிக்கே போட்டிருக்கலாமே, டாக்டர்," என்றார். "நான் காத்துக்கிட்டு இருந்திருப்பேனே."