பலகைக்கு இஸ்திரி

மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். புது இழைப்புளி பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சறுக்கிக்கொண்டு போனது. மரம் துளிகூடச் சீவப்படவில்லை.

மறுபடி தள்ளினார். மறுபடியும் சறுக்கல்.

மாடி வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். “மரம் எப்படிச் சுருள் சுருளா வருதுன்னு பாருங்க” என்று மாமாதான் அவர்களைக் கூப்பிட்டிருந்தார்.

“மாமா, பலகைக்கு இஸ்திரி போடுறீங்களா?” என்றாள் வக்கீல். “அப்படியே என் யூனிபார்மையும் போட்டுடுங்க.”

பதினொரு வயதுதான் அவளுக்கு. வாய் ஓயாமல் வாதாடுவதால் வீட்டில் அந்தப் பெயர்.

வாசலே சிரித்தது. மாமாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

“மலிவா இருக்கேன்னு வாங்கினேன்” என்றவர், இழைப்புளியைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மாமா அம்மாவின் தம்பி. பஸ் ஓட்டுகிறார். அடுத்த லீவு நாள் வந்தது. பலகைகள் சுவரோரம் அப்படியே கிடந்தன. மாமா இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

“மாமா ஏம்மா ஒண்ணும் செய்யல?” என்று கேட்டாள் வக்கீல்.

அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “வெளிய தலை காட்டினா பொடிசுங்க எல்லாம் ‘இஸ்திரி மாமா’ன்னு கூப்பிடுதாம். டிப்போ வரைக்கும் போயிடுச்சு அந்தப் பேரு. பாவம், நீ உக்காந்து படிக்க ஒரு மேசை செஞ்சு தரணும்னு ஆசையா ஆரம்பிச்சான்.”

‘எனக்கா?’ என்று நினைத்தாள் வக்கீல்.

அன்று வாசலில் சொன்னதை வழித்தெடுத்து மறுபடி வாய்க்குள் போட்டுக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மறுநாள் மாமா வேலைக்குக் கிளம்பியதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரும்புக் கடைக்கு ஓடினாள்.

“வித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்றாள் கடைக்காரி, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

“திருப்பித் தர வரலக்கா. இது ஏன் மரத்தைச் சீவ மாட்டேங்குது?”

“கத்தியைத் தீட்டினீங்களா?”

“புதுசுதானேக்கா?”

“நல்லா இருக்கு போ. விலை கம்மின்னா மொட்டையாத்தான் வரும். வாங்கினவங்கதான் தீட்டிக்கணும். அடிப்பக்கமும் மேடும் பள்ளமுமா இருக்கும், உப்புத்தாள்ல தேய்ச்சுச் சமமாக்கணும். யாராவது கேட்டாத்தானே சொல்றதுக்கு?”

கத்தியைக் கழற்றி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். “இதுல நீ கை வைக்காத. பெரியவங்ககிட்ட குடு.”

சாமானும் மோசமில்லை, மாமாவும் மோசமில்லை. அவசரப்பட்டது அவளுடைய வாய்தான்.

கடையிலிருந்து வாங்கி வந்த உப்புத்தாளை வீட்டுத் தரையில் ஒட்டினாள். இழைப்புளியின் அடியில் பென்சிலால் கோடுகள் போட்டுத் தேய்த்தாள். இரண்டு ஓரத்திலும் கோடுகள் மறைந்தன. நடுவில் அப்படியே இருந்தன. அங்கேதான் பள்ளம்! எல்லாக் கோடுகளும் மறையும்வரை தேய்த்தாள். அதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

மாமா வந்ததும் பிள்ளைகளைக் கூப்பிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம். போன தடவை கூட்டம் சேர்த்ததே போதும்.

“மாமா, அடிப்பக்கத்தைத் தேய்ச்சுட்டேன். கத்தி தீட்டுறது மட்டும் பாக்கி. அது என்னால ஆகாது, நீங்கதான் செய்யணும்.”

மாமா அவளுடைய கறுத்துப்போன விரல்களைப் பார்த்தார்.

“அந்தப் பேரு…” என்று இழுத்தாள். “நான் வச்சதுதான் மாமா.”

“தெரியும். நானும் அங்கதான இருந்தேன்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா கத்தியைச் சாணைக்கல்லில் பொறுமையாகத் தீட்டி மாட்டினார். முதல் தள்ளலில் அது மரத்தைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. கத்தியைக் கொஞ்சம் உள்ளே இழுத்தார். அடுத்த தள்ளலில் ‘சர்ர்’ரென்று ஒரு சத்தம். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய சுருள் ஒன்று எழும்பி அவர் கைமேல் விழுந்தது.

பார்ப்பதற்கு வாசலில் ஒருவரும் இல்லை.

வக்கீல் கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் ஓடினாள். “அந்தப் பேரை விட்டுடுங்கடா. நான் தெரியாம சொல்லிட்டேன்.”

“ஏன்க்கா, நல்லாத்தானே இருக்கு?” என்ற பொடியன், “இஸ்திரி மாமா!” என்று மாடியைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடினான்.

தொங்கிய முகத்தோடு அவள் மேலே வந்தாள். மாமாவின் காதிலும் அது விழுந்திருந்தது.

“விடு. அவங்களா மறக்கும்போது மறக்கட்டும்” என்றார் மாமா. “பலகை ஆடுது பாரு. அந்த முனையைப் பிடி.”

அவள் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மேசையாக இன்னும் எத்தனையோ பலகைகள் பாக்கி. அத்தனையையும் பிடிக்க அவள் தயார்.