சாயப் பட்டறையில் கேட்காத மணி

“அப்பாவுக்குக் குளிருதுன்னா எனக்கு ஏம்மா வேர்க்குது?”

ஐந்து வயதில் அபி ஒருமுறை இப்படிக் கேட்டாள். கூடத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மின்விசிறி. ஆனந்தராஜ் அதன் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வான். குழந்தை வேர்த்து விழித்துக்கொள்ளும். சத்யப்ரியா சிரித்தபடி மகளுக்கு விசிறிவிட்டாள். பிறகு அதை மறந்தும்போனாள்.

அபி ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாயப் பட்டறை ராஜகோபால் அவர்கள் கடைக்கு வந்தார். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குள் ஓடும் மென்பொருளை எழுதிவந்த சத்யப்ரியா, இப்போது பெரிய காஞ்சிபுரத்தில் கணவனோடு சேர்ந்து தறிகளிலும் பட்டறைகளிலும் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்த்துவந்தாள்.

“கல்யாணப் பட்டுமா. அரக்குச் சாயம். நேத்து மத்தியானம் தொட்டி கொதிச்சு நூல் மொத்தமும் பாழ். சூடு ஏறினா பெட்டி மணி அடிக்கும். அடிச்சிருக்குதுன்னு அதுலயே பதிவு இருக்குது. தொட்டியைப் பாத்துக்குற யேசுதாஸ் கேக்கவே இல்லன்றான். எவன்கிட்டயோ காசு வாங்கிக்கினு வேணும்னே விட்டுட்டான். தெருவுல வச்சே கேட்டுட்டேன். சாயந்தரம் போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன். அந்தப் பதிவை மட்டும் எடுத்துக் குடும்மா.”

புகார் போனால் ஊரில் வேறெந்தப் பட்டறையும் யேசுதாஸைச் சேர்க்காது. சத்யப்ரியாவுக்கு அது தெரியும்.

“நேர்ல பாத்துட்டுத் தரேண்ணா” என்றாள்.

“இதுல பாக்க என்ன இருக்குது ப்ரியா?” என்றான் ஆனந்தராஜ், வண்டியைக் கிளப்பியபடி. “ஒயரைப் பிடுங்கிட்டு அப்புறமா மாட்டியிருப்பாரு. கேஸ் முடிஞ்சுது.”

“முதல்ல ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

பட்டறைக்கு அடுத்த வீட்டு வாசலில் மேரி சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து அந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்தாள். “வலி பரவால்லமா. ரெண்டு நாளாத்தான் காலையில கொஞ்சம் கண்ணசர முடியுது” என்றாள்.

எதிரே டீக்கடையில் ஒருவர் காதுபட முணுமுணுத்தார்: “அம்மன் பாட்டு ஓடுற எடத்துல அவனை வச்சதே தப்பு.” சத்யப்ரியா திரும்பிப் பார்த்தாள். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்.

பட்டறையில், கறை பிடித்த தொட்டி அருகே யேசுதாஸ் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளிலும் துணிக்கட்டு.

“கையில என்னண்ணா?”

“கொதிக்கிறதுல கையை விட்டு நூலைத் தூக்கினேம்மா. கோலைத் தேட நேரமில்ல. பின்னால நூல் உலர்த்திக்கினு இருந்தேன். மணி அடிச்சா ஓடியாருவேன். எப்பவும் அப்படித்தான். நேத்து அடிக்கலமா.”

ராஜகோபால் வேறு பக்கம் பார்த்தார்.

ஆனந்தராஜ் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்தான். ஒயர்களின் குறுக்கே சிலந்தி வலை, ஓர் இழைகூட அறுபடவில்லை. மாதக்கணக்கில் அங்கே எவர் கையும் போகவில்லை.

“சிலந்தியையும் விசாரிக்கலாமா?” என்றாள் சத்யப்ரியா.

முகம் தொங்கிப்போன அவன், பெட்டியின் மணி ஒலிக்கும் ஒலிபெருக்கியில் தன் கைபேசியை இணைத்துப் பார்த்தான். சத்தம் கூரையைத் தூக்கியது. ஒலிபெருக்கியிலும் குறையில்லை.

பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த அம்மன் படத்தில் மல்லிகைச் சரம் காய்ந்து பழுத்திருந்தது. சத்யப்ரியா அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு வாசலில் பூக்கூடையோடு போன பொன்னியம்மாளைக் கூப்பிட்டாள்.

“இங்க பூ குடுக்குறதை நிறுத்திட்டீங்களா?”

“நான் எங்கமா நிறுத்தினேன்? தினம் காலையில பாட்டு கேக்கும், வருவேன். ரெண்டு நாளா கேக்கல. பட்டறை லீவுன்னு நேராப் போயிட்டேன்.”

சத்யப்ரியா திரையைத் திறந்து பதிவுகளைப் படித்தாள். பிறகு எல்லோரையும் அருகே அழைத்தாள்.

“பெட்டிக்குள்ள ரெண்டு செயலி ஓடுது. ஒண்ணு சூட்டைப் பாத்து மணி அடிக்குது. இன்னொண்ணு பாட்டு போடுது. ரெண்டு நாளும் பாட்டு ஓடிச்சுன்னு பதிவு இருக்குது, பொன்னியம்மா காதுல விழல. மணி அடிச்சுதுன்னு பதிவு இருக்குது, யேசுதாஸண்ணன் காதுல விழல. ஒருத்தர் பொய் சொல்றாருன்னா ரெண்டு பேருமே சொல்லணும்.”

“நான் எதுக்குடிமா பொய் சொல்லணும்? பூ வித்தாத்தானே எனக்குச் சோறு!” என்றாள் பொன்னியம்மாள்.

“அதேதான். அப்போ ரெண்டு செயலிக்கும் பொதுவானது எதுவோ அதுல கோளாறு. ஒலி அளவு. அதைத் தனித்தனியா வைக்காம, ஒரே எண்ணா ஒரே எடத்துல வச்சிருக்காங்க. பாட்டுக்காகக் குறைச்சா மணிக்கும் குறைஞ்சிடும். எங்க வீட்டு ஃபேன் மாதிரி. பதிவுல இருக்கிறது பெட்டி போட்ட உத்தரவு மட்டும்தான். வெளிய கேட்டுதான்னு அதுக்குத் தெரியாது.”

“குறைச்சது யாரு?” ஆனந்தராஜ் துடித்தான்.

“பாட்டுத் திரையைத் திறக்க ரகசிய எண் வேணும். அது யாருக்கெல்லாம் தெரியும்ணா?”

“எனக்கு மட்டும்தான்” என்றார் ராஜகோபால். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மேரியின் வீடு.

“அது... ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பொண்ணு. காலங்காத்தால பாட்டு சத்தம் எழுப்பிடுமேன்னு... அவ கேக்கக்கூட இல்லமா, நானாத்தான்... பாட்டைத்தானே குறைச்சேன்!”

“நீங்க செஞ்சது நல்ல காரியம்ணா. பெட்டியை அப்படி வச்சது அதை எழுதினவங்க தப்பு” என்றாள் சத்யப்ரியா. குரல் தாழ்ந்தது. “ஆனா தெருவுல நீங்க சொன்ன வார்த்தையைப் பெட்டி சொல்லல.”

ராஜகோபால் யேசுதாஸின் தோளில் கைவைத்து வாசலுக்கு அழைத்துப்போனார். டீக்கடைக்குக் கேட்கும்படி சொன்னார்: “தப்பு என்னுது. இவரு மேல பழி போட்டது பாவம்.”

யேசுதாஸ் கட்டுப்போட்ட கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “நாளைக்கு வந்து தொட்டியைத் தேச்சிடறேன் மொதலாளி” என்றார்.

மணியின் ஒலி அளவைப் பாட்டுச் செயலி தொட முடியாத தனி இடத்துக்குச் சத்யப்ரியா மாற்றினாள். அடித்துப் பார்ப்பதற்கு முன் ஆனந்தராஜ் போய் மேரியிடம் சொல்லிவிட்டு வந்தான். பாட்டு தாழ்ந்தே இருக்கட்டும் என்றார் ராஜகோபால். பாட்டு கேட்காவிட்டாலும் வருவதாகச் சொல்லிப் பொன்னியம்மாள் புதுச்சரம் கொடுத்தாள். பாழான நூல் மூலையில் கிடந்தது. அதற்கு வழி ஒன்றும் பிறக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் பட்டறை காலியானது. ராஜகோபால் கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றிவிட்டு, ஆணியிலிருந்து தேங்காய் நாரை எடுத்துத் தொட்டிக்குள் இறங்கினார். அடியில் பிடித்திருந்த அரக்குக் கறை லேசில் விடவில்லை. சலவைச் சோடாத் தண்ணீர் விரலிடுக்கில் எரிந்தது. எஃகு வெளுத்துத் தெரியும்வரை தேய்த்தார். பிறகு நாரை நன்றாகப் பிழிந்து, யேசுதாஸ் மாட்டும் அதே ஆணியில், அவர் மாட்டுவதைப் போலவே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.