கட்டிலைச் சுற்றிய ஈரம்

சாமான் வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியது பூனைக்கூடை. அதைத் தொட சில்லு யாரையும் விடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறினாள். ஏழு வயதுக்கு அது பெரிய பாரம். உள்ளே இருந்தவனின் பெயரே மூட்டை.

பழைய வீடு. மூன்று அறைகள், எட்டாத உயரத்தில் கூரை, அங்கங்கே பொரிந்த சுண்ணாம்பு. சில்லுவின் பள்ளி நடந்து போகிற தூரம். அவள் அப்பா ஓட்டுகிற பஸ் கிளம்பும் டிப்போ இரண்டு தெரு தள்ளி. அம்மா வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேப் அதற்கும் பக்கம். பின்பக்கத்துச் சின்ன அறையை மகளுக்கென்று ஒதுக்கினார்கள். அதற்கு ஒரே ஜன்னல். வெயில் அந்த ஜன்னல் வரை வந்து, உள்ளே வர யோசிப்பதுபோல் அங்கேயே நின்றுவிடும்.

கூடையைத் திறந்ததும் மூட்டை நேராக அந்த அறைக்குத்தான் போனான். ஜன்னலுக்கு எதிர்மூலையை முகர்ந்தான். வாயை லேசாகத் திறந்து, காற்றைச் சுவைக்கிறவன்போல் நெடுநேரம் முகர்ந்தான். முதுகு மயிர் சீப்பின் பற்கள்போல் எழுந்து நின்றது. பிறகு திரும்பி, பின்புறத்தைச் சுவருக்குக் காட்டி, வால் நடுங்க நடுங்கப் பீய்ச்சினான்.

ஆறு வருஷத்தில் மணல்தட்டைத் தவிர வேறெங்கும் ஒரு சொட்டு விட்டறியாத பூனை.

"புது இடம்ல, பயந்துட்டான். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சில்லுவின் அம்மாவிடம் சொன்னார் கணவர்.

இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. சரியாகவில்லை. காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, எல்லாம் அந்த ஒரே அறையில். அம்மா மணலை மாற்றினாள், இன்னொரு தட்டு வைத்தாள், ப்ளீச்சிங் தூள் கரைத்துத் தேய்த்தாள். கண் எரிந்ததே தவிர நாற்றம் போகவில்லை.

"நாள் பூரா ஊரார் மூத்திரத்தப் பாக்கறேன். வீட்டுக்கு வந்தாலும் எனக்கு அதே தலையெழுத்தா?" என்று முழங்காலிட்டுத் துடைத்தபடி பொரிந்து தள்ளினாள். சிரிக்க வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரிடம் போனாள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஊசியால் சிறுநீர் எடுத்துச் சோதித்தார். நோய் ஒன்றுமில்லை.

"இது வியாதி இல்லம்மா. பதில் சொல்றான்" என்றார்.

"யாருக்கு டாக்டர்?"

"அந்த அறையில வேற ஏதோ ஒண்ணு தன் வாடைய வச்சிருக்கு. இது என் இடம்னு. இவன் அதுக்கு மேல தன் வாடைய வைக்கிறான். நீங்க தொடைக்கத் தொடைக்க, இவன் எழுதினதுதான் அழியுது. மறுபடி எழுதறான்."

"அங்க வேற பூனையே கிடையாதே."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "பூனையோ, எதுவோ."

வாடையை வேரோடு அறுக்கும் திரவம் ஒரு புட்டியும், கறை எங்கிருக்கிறது என்று காட்டும் ஊதா டார்ச் ஒன்றும் கொடுத்தார். இருட்டில் அடித்தால் பழைய கறையெல்லாம் மினுங்குமாம். என் மூக்கே போதும் என்று டார்ச்சை அலமாரியில் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் நிலைமை முற்றியது. சுவரோரத்தை விட்டு மூட்டை அறையின் நடுவுக்கு வந்தான். பிறகு சில்லுவின் புத்தகப் பை. பிறகு கட்டில்கால். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவள் வேலை முடிந்து வந்தபோது, அன்று காலையில் விரித்த விரிப்பின் மேலேயே, கால்மாட்டில், சொதசொதவென்று ஈரம்.

அவளுக்குக் கண் இருண்டது. மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எந்தப் பூனையும் முதல் அடிக்கே ஜன்னலேறி ஓடியிருக்கும். மூட்டை ஓடவில்லை. கட்டிலின் மேல் நின்று, காதுகளைப் பின்னால் மடக்கி, அடிவயிற்றிலிருந்து உறுமினான்.

அவளைப் பார்த்து உறுமவில்லை.

அவளுக்குப் பின்னால் பார்த்து.

அவள் திரும்பினாள். சுவர்தான் இருந்தது.

"அடிக்காதம்மா" என்று வாசலில் நின்ற சில்லு அழுதாள். "அவன் போயிட்டா அது கட்டிலுக்கு வந்துடும்."

"எதுடி வரும்?"

சில்லு உதட்டில் விரல் வைத்தாள். "சத்தமா கேக்காத."

பூனைக்குப் பரிந்துகொண்டு பிள்ளை கதை கட்டுகிறது என்று நினைத்தாள். அவளுக்கு அன்றைக்கு இரக்கமே இல்லை. "அந்தச் சனியன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் கணவரிடம். அவர் கூடையை எடுத்து வந்தார்.

சனிக்கிழமை காலை மூட்டையைக் கொண்டுபோய் நாத்தனார் வீட்டில் விட்டாள். கணவரின் அக்கா தனியாள், நாலு தெரு தள்ளிக் கீழ்த்தளத்தில் குடியிருந்தாள்.

"இருக்கட்டும், விட்டுட்டுப் போ. எனக்கும் பேச்சுத்துணை" என்றவள், அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆனா நீ ஏன்டி இப்படி வெளுத்துப் போயிருக்க?"

அன்று முழுக்க அந்த அறையைத் தேய்த்தாள். டாக்டர் கொடுத்த புட்டியைக் காலி செய்தாள். தரை, சுவர், கட்டில்கால் ஒன்றையும் விடவில்லை. மூலையில் தேய்க்கும்போது முதுகைச் சுவரில் சாய்த்து இளைப்பாறினாள். சாயந்திரம் அறை கண்ணாடிபோல் இருந்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சை இழுத்தாள். வெறும் காற்றின் வாசனை. சில்லு மட்டும் கட்டிலில் கால்களை மடக்கி ஏறி உட்கார்ந்துகொண்டு, சாப்பிடக்கூட இறங்க மாட்டேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாற்றம் திரும்பி வந்தது.

மூலைச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு ஈரம். கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆளத் தொரத்திட்டோம், ஆவி போகல போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மேல்மாடியில் குழாய் கசிகிறதா என்று பார்க்கப் போனார். அந்தச் சுவருக்குள் குழாயே கிடையாது.

திங்கள் காலை ஈரம் இடுப்பு உயரத்தில் இருந்தது.

எந்தப் பூனையும் அவ்வளவு உயரத்துக்குப் பீய்ச்சாது. நாற்றமும் பூனையினுடையது அல்ல. பூட்டிக் கிடந்த அறைக்குள் வெகுகாலம் நோயில் கிடந்த உடம்பின் நாற்றம். அவள் ஒரு சின்னக் குப்பியில் வழித்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சோதனைப் பட்டையை நனைத்தாள். ஒரு கட்டம்கூட நிறம் மாறவில்லை. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். எதுவுமே புரியவில்லை. பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருபது வருஷ அனுபவக்காரி அவள்.

"வெறும் உப்புக் கல்லா இருக்கு. உசிரோட சம்பந்தப்பட்டது ஒண்ணுமே இல்லையே" என்றாள் அவள். "எங்கேர்ந்து எடுத்த? ஏதாவது பழைய சாம்பிளா? பல வருஷம் ஆயிருக்கும்டி இதுக்கு."

"காலையில எடுத்தது. ஈரமாத்தான் இருந்துது."

பக்கத்து மேஜைக்காரி கண்ணை எடுத்து அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அன்று அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பள்ளியிலிருந்து சில்லுவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிள்ளை உடனே கட்டிலில் ஏறிக்கொண்டது. மணி நாலுகூட ஆகவில்லை, வெளியே நல்ல வெயில். அவள் ஜன்னலில் இரண்டு போர்வையைக் கட்டினாள். கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைத் திணித்தாள். அறை இருண்டது.

"என்னம்மா பண்ற?" சில்லுவின் குரல் கிசுகிசுத்தது.

"ஒண்ணுமில்லடா. கறை பாக்கறேன்."

ஊதா டார்ச்சை அழுத்தினாள்.

தரை மினுங்கியது. அவ்வளவு தேய்த்தும் மூட்டையின் கறைகள் அடியோடு போயிருக்கவில்லை. மங்கலாக, வெளிர்மஞ்சளாக, புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. கண்டபடி விட்டவை அல்ல. ஒரு வளைவு. கட்டிலைச் சுற்றி ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை, வேலி போட்டதுபோல ஒரு வளைவு. அதற்குள்ளே இன்னொரு வளைவு. அதற்கும் உள்ளே இன்னொன்று. மூலையில் தொடங்கியவன் வாரத்துக்கு வாரம் பின்வாங்கி, பின்வாங்கி, கடைசியில் கட்டில் மேலேயே ஏறி நின்றிருக்கிறான்.

அவளுக்குத் துடைப்பத்தின் பிடி கையில் இருப்பதுபோல் பட்டது.

டார்ச்சைச் சுவரின் பக்கம் திருப்பினாள்.

மூலையில் முழங்கால் உயரத்தில் ஒன்று. இடுப்பு உயரத்தில் ஒன்று. அதற்குமேல் அவள் பார்த்திராதவை: தோள் உயரத்தில், தலைக்கு மேலே, கூரையில். பச்சை நிறம். அகலமாக, உள்ளங்கையால் அப்பியதுபோல. எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தன.

கட்டிலை நோக்கி.

வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கினாள். முதல் வேலியின் மேல் ஒரு பச்சைத் தடம். இரண்டாவதின் மேல் ஒன்று. மூன்றாவதின் மேல் ஒன்று. விரிப்பின் ஓரத்தில் ஒன்று, இன்னும் ஈரமாக. அதிலிருந்து சில்லுவின் மடக்கிய கால்களுக்கு ஒரு சாண்தான்.

"அம்மா" என்றது பிள்ளை. "லைட்ட அணச்சுடு. பாக்கறது அதுக்குப் பிடிக்கல."

கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்த சத்தம்.

அவள் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, கதவைக் காலால் உதைத்துத் திறந்து, படியிறங்கி ஓடினாள். செருப்புப் போடவில்லை. கதவைப் பூட்டவில்லை. நாலு தெருவையும் எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

நாத்தனார் கதவைத் திறந்ததும் சில்லு தோளிலிருந்து நழுவி இறங்கி உள்ளே ஓடினாள். மூட்டை சோபாவிலிருந்து குதித்து வந்தான். பிள்ளையின் காலை முகர்ந்தான், கையை முகர்ந்தான், முகத்தை முகத்தால் தேய்த்தான். வீட்டுக்கே கேட்கும்படி கர்கர்ரென்று குரலெழுப்பினான். அம்மாவுக்கு அங்கேயே அழுகை வெடித்தது. பிள்ளைமேல் ஒன்றுமில்லை. ஒன்றுமே ஒட்டவில்லை.

"மூட்ட" என்றாள் தழுதழுத்து. "நான் பாவிடா. என்ன மன்னிச்சுக்கோ." கையை நீட்டிக்கொண்டு ஓரடி வைத்தாள்.

கர்கர் சத்தம் நின்றது.

மயிர் சிலிர்த்தது. முதுகு வில்லாக வளைந்தது. மூட்டை அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவே வந்தான். வாலைத் தூக்கி நடுங்கினான். நாத்தனாரின் பளபளக்கும் தரையில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போனான்.

"ஐயோ, இங்கயுமா!" நாத்தனார் துணியெடுக்க ஓடினாள்.

"தொடைக்காதீங்க அக்கா!" என்று அவள் கத்தினாள்.

சில்லு சோபாவில் ஏறிக் கால்களை மடக்கிக்கொண்டாள். அம்மாவைத்தான் பார்த்தாள், ஆனால் அம்மாவின் முகத்தை அல்ல. தோளுக்கு மேலே, கொஞ்சம் பின்னால்.

"அங்கயே நில்லும்மா" என்றாள் மெதுவாக. "உன்கூடவே வந்துடுச்சு."

துணியோடு வந்த நாத்தனார் அவளுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். "உன் முதுகு என்னடி இப்படி நனைஞ்சிருக்கு?"

அந்தப் பழைய வீட்டுக்கு அவர்கள் திரும்பவில்லை; நாத்தனார் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். கணவர் மட்டும் பட்டப்பகலில் நண்பர்களோடு போய்ச் சாமான்களை ஏற்றி வந்தார். அவள் அந்தப் புடவையை எரித்தாள். நாளைக்கு மூன்று வேளை குளித்தாள். லேபில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. காரணம் கேட்டால் ஒன்றுமில்லை என்றார்கள். மகள் அத்தையோடும் பூனையோடும் கூடத்தில் தூங்கினாள். அம்மா வெளியறையில். நடுவே அந்தக் கோடு. நாத்தனாரும் இப்போது அதைத் துடைப்பதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மகளுக்குக் கையசைப்பாள். மகளும் கையசைப்பாள். அவ்வளவுதான். ஒன்றரை மாதம் அப்படியே ஓடியது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. இதுவே போதும், பிள்ளை நன்றாயிருந்தால் போதும் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நேற்றுக் காலை அவள் கையசைக்க வந்து நின்றபோது, கோடு அங்கே இல்லை.

ஒரு தரைக்கல் உள்ளே தள்ளி, சோபாவுக்குப் பக்கமாக, புதிதாக ஈரம் மின்னிக்கொண்டிருந்தது.