கடலில் விட்ட ஹார்ட் டிஸ்க்

காலை 9.10. ரஞ்சனி கடைக்கு ஓடி வந்து நீட்டிய தாளை இளவரசி வாங்கிப் பார்த்தாள். அது அவளே தட்டச்சு செய்த மனு. புருஷன் கலைவேந்தனின் அடிக்குப் பயந்து, கைக்குழந்தையோடு ஏம்பலத்தில் ஒளிந்து வாழும் ரஞ்சனி, போலீஸ் பாதுகாப்புக் கேட்டு எழுதியது. முகவரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கீழே ஒரே வரி: ‘சாயங்காலம் வரேன்.’

“அந்தாளு கையெழுத்துதான்க்கா” என்றாள் ரஞ்சனி. “ஒம்பதாம் நம்பர் ரோசம்மா அக்கா வூட்டு வாசல்ல கெடந்துதாம். எம்பேரப் பாத்துட்டுக் கொண்டாந்து குடுத்தாங்க. நான் இருக்கிறது பத்தொம்பது. அதக் கண்டுபுடிக்க எம்மா நேரமாவும்?”

இளவரசி வாயைத் திறக்குமுன் ரஞ்சனியே சொன்னாள். “போலீசத் தவிர ஒங்க ஒருத்தர்கிட்டதான்க்கா அட்ரஸ் சொன்னேன்.”

பாகூரில் இளவரசியின் ஜெராக்ஸ் கடைக்கு மனு எழுத வருகிறவர்களில் பெண்களே அதிகம். வேறெங்கும் சொல்லக் கூசுவதை இவளிடம் சொல்லி அழுவார்கள். இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது என்ற நம்பிக்கைதான் அவளுக்குச் சோறு போட்டது.

காலை 9.40. சப்-இன்ஸ்பெக்டர் அமுதம் ரஞ்சனியையும் குழந்தையையும் ஜீப்பில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்குள் வந்தார்.

“ஸ்டேஷன்ல குடுத்த மனுவுல பத்தொம்பது. இதுல ஒம்பது. எப்பிடிம்மா?”

“மொதல்ல தப்பா அடிச்சிட்டேன் மேடம். பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே ரஞ்சனி பாத்துச் சொன்னா. திருத்தி வேற ஃபைலா போட்டேன்.”

“தப்பான ஃபைலு?”

“பழைய கம்ப்யூட்டர்லயே தங்கிடுச்சி.”

“அது எங்க?”

இளவரசி நடந்ததைச் சொன்னாள். போன வெள்ளிக்கிழமை புதுக் கம்ப்யூட்டர் வந்தது. காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்து, வேண்டியதை மட்டும் பழையதிலிருந்து புதியதில் ஏற்றினாள். பழையதில் இருந்ததையெல்லாம் அழித்தாள். அழித்தாலும் டிஸ்க்கில் தங்கும், கழற்றி உடைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாள். புதுசை மாட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக் ஹரிஹரனையே கழற்றச் சொன்னாள். உடைக்கத்தான் மனசு வரவில்லை. எட்டு வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்ட பொருளைச் சுத்தியலால் அடிப்பதா?

“கடல்ல விட்டுடறேன்னு அவன்கிட்டச் சொன்னேன் மேடம். பெட்டியப் பின்னாடி ரூமுக்கு எடுத்துட்டுப் போயி, கழட்டிக் கொண்டாந்து கையில வச்சான். சில்லுனு, கனமா இருந்துது. மஞ்சத் துணியில சுத்தி, அன்னிக்கே மணப்பட்டுக் கடல்ல விட்டுட்டேன். வெறும் பெட்டியக் காயலான் கடை சின்னதம்பி எடுத்துக்கினு போனாரு.”

“கடலுக்குப் போன டிஸ்க்குலேந்து தாள் எப்பிடி வந்துது?” அமுதம் கண்ணை எடுக்கவில்லை. “போறதுக்கு முன்னாடி நீயே யாருக்காச்சும் காட்டினியா?”

“இல்ல மேடம்” என்றாள் இளவரசி. இரண்டு வாரமாகக் கலைவேந்தன் ரஞ்சனியின் போட்டோவோடு கடை கடையாக விசாரித்துக்கொண்டிருந்தது உண்மை. இவள் கடைக்கும் வந்தான். தெரியாது என்று சொல்லி அனுப்பினாள். அதற்கு யார் சாட்சி? ஜீப்பிலிருந்து ரஞ்சனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு ஜெயிலே தேவலை என்று தோன்றியது.

காலை 10.30. காயலான் கடை. அமுதத்துக்கும் கூடவே வந்த இளவரசிக்கும் சின்னதம்பி பெட்டியைத் திறந்து காட்டினார். டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. சந்தனப் பொட்டு மட்டும் மேலே காய்ந்து கிடந்தது.

“வரும்போதே இப்பிடித்தான் மேடம். எனக்கு இத எட போடத்தான் தெரியும், வேற இன்னா தெரியும்?”

காலை 11.15. ஹரிஹரனின் ரிப்பேர் கடை. மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“டிஸ்க்கக் கழட்டினது யாரு?”

“நான்தான் மேடம்.”

“எம்மா நேரத்துல?”

“ஓடிக்கினு இருந்துது. ஆஃப் பண்ணி, கழட்டி, அஞ்சே நிமிஷத்துல அக்கா கையிலயே குடுத்துட்டேன். கேட்டுப் பாருங்க.”

இளவரசி தலையாட்டினாள். பொய் இல்லையே.

“கடல்ல கெடக்கறத நான் எப்பிடி மேடம் படிக்கறது?” ஹரிஹரன் சிரித்தான்.

அமுதம் மேஜையைப் பார்த்தார். “இது எப்பலேந்து ஓடுது?”

“கட தொறந்ததுலேந்து.”

“இதையும் ஆஃப் பண்ணி டிஸ்க்கக் கழட்டு. அதே அஞ்சு நிமிஷம்.”

கழற்றினான். அமுதம் அதை வாங்கி இளவரசியின் உள்ளங்கையில் வைத்தார். “எப்பிடிம்மா இருக்கு?”

இளவரசி அதைச் சட்டென்று மறு கைக்கு மாற்றினாள். “சுடுது மேடம்!”

ஹரிஹரனின் சிரிப்பு காணாமல் போனது.

“காலையிலேந்து ஓடின மிஷின்லேந்து அஞ்சு நிமிஷத்துல கழட்டினது சில்லுனு இருக்குமா?” என்றார் அமுதம். “அவ கையில நீ வச்சது ஒம் பையில கெடந்த பழசு. ஒடச்சிருந்தாக்கூட துண்டு கெடைக்கும், எந்த டிஸ்க்குன்னு பாக்கலாம். இவ கடல்ல விடப்போறா, எவன் முங்கிப் பாப்பான்னு நெனச்சே. நெஜமான டிஸ்க்கு எங்கடா?”

மேஜை டிராயரின் அடியில் இருந்தது. அழித்ததையெல்லாம் மீட்டெடுத்திருந்தான். தேடி அலையும் கலைவேந்தனிடம் அந்தத் தாளை விற்றிருக்கிறான். மீட்டவற்றில் தப்பான நம்பர் இருந்த ஃபைலை எடுத்ததால்தான் ரஞ்சனி தப்பித்தாள்.

மாலை 5.20. ஒன்பதாம் எண் வீட்டுக் கதவை உதைத்துக்கொண்டிருந்த கலைவேந்தனைப் போலீஸ் மடக்கியது. கதவுக்கு உள்ளே இருந்ததும் போலீஸ்தான். கலைவேந்தனின் இடுப்பில் கத்தி இருந்தது. ஸ்டேஷனில் அதைக் கேட்ட ரஞ்சனி குழந்தையை இறுக்கிக்கொண்டு இளவரசியின் தோளில் சாய்ந்து அழுதாள். இளவரசியும் அழுதாள். நிம்மதியில்தான்.

அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை. டிஸ்க்கை உறையில் போட்டு அரக்கு வைத்துக்கொண்டே அமுதம் சொன்னார்:

“இதுல இன்னும் நாப்பத்தி மூணு பொண்ணுங்க மனு இருக்கு. வேற யாருக்கும் காட்டலன்றான். நம்புறியா?”

இளவரசி எழுந்தாள். கடைக்குத் திரும்பி, வாடிக்கையாளர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம், பிள்ளைகள் கூச்சல், நடுவே சந்தோஷமாக ஒரு குரல்.

“இன்னாக்கா, அதிசயமா போன் பண்ணிக்கீறீங்க?”

“தேவி,” என்றாள் இளவரசி, “மொதல்ல போயி வாசக் கதவத் தாப்பா போட்டுட்டு வாடி.”