எட்டு இன்ச் சாட்சி

அமிர்தசாமி செத்துக் கிடந்தான்!

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு வீட்டில், சோபாவில், காலை பத்தரை மணிக்கு... அம்மிக் குழவி அவன் மண்டையைப் பிளந்திருந்தது.

மறுநாளே, அவனுடைய பட்டறையில் வேலை பார்த்த ரஞ்சித் ஸ்டேஷனுக்கு வந்து, "நான்தான் கொன்னேன்" என்று கையை நீட்டிவிட்டான்.

கேஸ் முடிந்ததா? அதுதான் இல்லை!

ரஞ்சித் ஓட்டிய தகடு துளைக்கும் மெஷின் நாற்பது வருஷக் கிழடு. எத்தனை மணிக்கு எந்தத் தகட்டைக் குத்தியது என்று எட்டு இன்ச் ப்ளாப்பி டிஸ்க்கில் பதிந்து வைக்கும். அதை ஓட்ட ரஞ்சித்தை விட்டால் ஆள் கிடையாது. கொலை நேரத்தில் மெஷின் ஓடியிருந்தால் அவன் நிரபராதி!

படிக்கத்தான் வழியில்லை. கம்ப்யூட்டரில் செருகக் கடையில் கிடைக்கிற ப்ளாப்பி கன்ட்ரோலர் கார்டு எதுவும் அந்தப் பழைய பதிவைச் சீந்தாது.

போலீஸுக்காக, அரியமங்கலத்தில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வளவன் மூன்று நாள் மல்லுக்கட்டினான். கார்டில் இரண்டு தடத்தை அறுத்து, கம்பி இழுத்து, கூடுதலாக ஒரு சிப்பை சால்டர் செய்தான்.

இப்போது கடையில் அவன் எதிரே ரஞ்சித்தின் மனைவி பிரேமலதா. அழுது அழுது முந்தானை நனைந்திருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"அண்ணே... என் தாலி உங்க கையிலதான் இருக்கு."

"அழாதீங்கம்மா. பவர் போட்டாத் தெரிஞ்சிரும்."

"எதுவும் அழிஞ்சிராதே?"

"ஒரு கண்டம் இருக்கு. நான் கம்பி மாத்துனதுல, பவர் போட்டதும் கார்டு கண்டபடி எழுதப் பார்க்கும்."

"ஐயையோ!"

"பயப்படாதீங்க. ஓரத்துல ஒரு வெட்டு இருக்கு பாருங்க. சின்ன ப்ளாப்பியில இதை மூடினா எழுதாது. இந்தப் பெருசுல அப்படியே தலைகீழ்! திறந்திருந்தா எழுதாது. மூடினா எழுதித் தொலைச்சிரும். இது திறந்துதானே இருக்கு?"

போன் அடித்தது. வளவன் வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினான். ப்ளாப்பி ட்ரைவுக்குள் இருந்தது!

"நானே போட்டுட்டேண்ணே... மனசு கேக்கலை."

சுவிட்சைத் தட்டினான்.

கர்ர்ர்ர்...

திரை முழுக்கக் குப்பை!

"ஐயோ, என் புருஷன் உசிரு போச்சே!" பிரேமலதா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

வளவன் ப்ளாப்பியை உருவினான். வெட்டின் மேல் அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு!

அவள் நெற்றி காலி.

"ஏம்மா... கட்டின புருஷனைத் தூக்குக்கு அனுப்பவா பொட்டை எடுத்து ஒட்டினீங்க?"

அழுகை பட்டென்று நின்றது.

"யார் நம்புவா? உன் கார்டுதான் கெடுத்துச்சுன்னு சொல்லுவேன்."

"நான் நம்புவேன்!"

உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டர் பானுப்ரியா வெளியே வந்தாள்.

"நீ அழிச்சது நகல். அசலை நேத்தே படிச்சாச்சு. பத்தரை மணிக்கு உன் வீட்டுக்காரர் மெஷின்ல இருந்தார். யாரைக் காப்பாத்தப் பொய் சொல்றார்னு உறுதி பண்ணத்தான் இந்த நாடகம். உனக்கும் அமிர்தசாமிக்கும் தொடுப்பு. அவன் உன்னைக் கழட்டி விட்டான்... நீ குழவியைத் தூக்கிட்டே. சரிதானே?"



"அவரு... என்ன சொன்னாரு?"

"என் கால்ல விழுந்து கெஞ்சினாரு. 'ப்ளாப்பியை எரிச்சிருங்க மேடம். நான் தூக்குக்குப் போறேன்... அவ நல்லா இருக்கட்டும்'னு."

பிரேமலதா பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். பானுப்ரியா குனிந்து விலங்கை மாட்டினாள்.

"பேசாம வீட்ல காலை நீட்டிப் படுத்திருந்தா, உன் மேல எனக்கு ஒரு சாட்சியும் கிடைச்சிருக்காது... அவசரக்குடுக்கை!"