மூன்றாவது ஓலை

"கயித்த விடுங்க. யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?"

மணிக்கூண்டின் கீழே நின்றவன் திரும்பினான். தலைமுடியிலிருந்து மழை சொட்டியது. கண்களோ மழைக்கு முன்பே நனைந்தவை போலிருந்தன... அதட்டிய ஜாஸ்மின் குரலைத் தாழ்த்தி, யார் என்று கேட்டாள்.

கடத்தூர்ப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலுக்கு மணியை மாட்டு வண்டியில் கொண்டுவந்தவர் அவள் தாத்தா. அன்று முதல் கயிறு அவர்கள் வீட்டார் கையில்தான். கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் யார் இறந்தாலும் அவள் அப்பா சவுரியப்பன் துக்க மணி அடித்த பிறகே பெட்டியைத் தூக்குவார்கள்.

அவன் பெயர் மாதவராஜ். ஊர் பொம்மிடி. விடியற்காலையில் அம்மா போய்விட்டாளாம். பிறந்த ஊர்க் கோயில் மணி தனக்காக ஒருமுறை ஒலிக்க வேண்டும் என்பதே கடைசி ஆசையாம்.

"அம்மா பேரு அந்தோணியம்மாங்க."

ஜாஸ்மினின் முகம் இறுகியது.

அவள் அப்பாவுக்கு முதலில் நிச்சயமான பெண் அந்த அந்தோணியம்மாள்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முன்னால், பொம்மிடி வீரமணியோடு போய்விட்டாள். அந்த ஞாயிறு பூசையில் பங்கே திரும்பிப் பார்க்க, சவுரியப்பன் தலைகுனிந்து நின்றார். அவள் பேருக்கு இந்த மணி ஒலிக்காது என்று அன்றே சொல்லிவிட்டார். அந்த வீட்டு மகள் எப்படிக் கயிற்றைக் கொடுப்பாள்?

முடியாது என்றாள்.

அவன் வாதாடவில்லை. கையிலிருந்த போனில், வீட்டில் அம்மாவின் உடலருகே இருந்த தங்கையிடம் மெதுவாகச் சொன்னான். "அம்மா காதுலருந்து போன எடுத்துடு, சுசித்ரா... அடிக்க மாட்டாங்களாம்."

அதற்குமேல் ஜாஸ்மினால் நிற்க முடியவில்லை. அழுதபடி பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். பதற்றத்தில் கை திருவிழா மணிபோல் படபடவென்று அடித்துவிட்டது. சத்தம் கேட்டு, மழையில் நனைந்தபடி சவுரியப்பன் வந்தார். யாருக்கு என்றார். பெயரைச் சொன்னாள்.

சவுரியப்பன் மணியை அண்ணாந்து பார்த்தார்.

"துக்கத்துக்கு இப்பிடி அடிக்கக் கூடாதும்மா. ஒண்ணு அடங்கினப்பறம்தான் அடுத்தது."

கயிற்றை வாங்கி அவரே அடித்தார். ஒவ்வொரு ஒலியும் அடங்கும்வரை காத்திருந்தார். மாதவராஜ் போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தான்.

முப்பதாம் நாள் பூசைக்கு அவன் வந்தான். கூண்டடியில் அவளைப் பார்த்ததும், இப்போதாவது கயிற்றைத் தொடலாமா என்று கேட்டான். தொட்டால் கை போய்விடும் என்றாள். சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அம்மா இல்லாத வூட்டுக்குள்ள போகவே பயமா இருக்குங்க. கண்ண மூடினா... கயித்தப் புடிச்சிட்டு நீங்க அழுததுதான் தெரியுது. உங்களத்தான் மனசு தேடுது."

ஜாஸ்மின் தலை நிமிரவில்லை.

"எனக்கும் அப்பிடித்தாங்க... அப்பாகிட்ட வந்து கேளுங்க. ஆனா மூணு ஓலையும் வாசிச்சாகணும்." அவள் கயிற்றைப் பற்றிக்கொண்டாள். "இன்னொருவாட்டி ரெண்டோட நின்னா, எங்கப்பா தாங்கமாட்டாரு."